மலைமேல் குறைந்த கால் கிலோ

தெருவில் அவளுக்குப் பெயர் தராசக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி அதற்கு எங்கும் வேலையில்லை. எடை இயந்திரங்களைப் பழுது பார்த்து முத்திரை வைத்துக் கொடுக்கும் ஒரு சின்னப் பட்டறையில் பத்தொன்பது வருடமாக இருக்கிறாள். இயந்திரத்தின் திருகில் கம்பியைக் கோத்து, கம்பியின் முனையில் ஈயக் குண்டைச் செருகி, இடுக்கியால் ஓர் அழுத்து அழுத்தினால் தீர்ந்தது. அதற்குப் பிறகு அந்த இயந்திரம் சொல்வதுதான் எடை. அவளுடைய இடுக்கியில் நாற்பத்தொன்று என்ற எண் பொறித்திருந்தது. அரசு அவளுக்கென்று கொடுத்த எண். சமையலறைச் சாவிக்கொத்தைவிட அந்த இடுக்கியைத்தான் அவள் பத்திரமாக வைத்திருந்தாள்.

முத்திரை வைப்பது ஒரு நொடி. அதற்கு முன்னால் எடைக்கற்களைத் தூக்க வேண்டும். ஒவ்வொன்றும் இருபது கிலோ இரும்பு. அரை டன் மேடை ஒன்றைச் சோதிக்க இருபத்தைந்து கற்களை ஏற்றி, இருபத்தைந்தையும் இறக்க வேண்டும். ஒரு நாளில் மூன்று இயந்திரம் வந்துவிட்டால் சாயங்காலம் சோற்றைப் பிசையக்கூட விரல் மடங்காது. வலது முழங்கால் நாலு வருடமாக அவளோடு பேச்சுவார்த்தையில் இல்லை.

அந்த வாரம் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. மலைமேல் இருக்கும் உருளைக்கிழங்குக் கிடங்கில் எடை ஆய்வாளர் அரசு வண்டியில் கற்களை ஏற்றிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சோதித்திருக்கிறார். மேடையில் ஐந்நூறு கிலோ ஏற்றினால் நானூற்றுத் தொண்ணூற்றொன்பதே முக்கால்தான் காட்டுகிறது. கால் கிலோ குறை. முத்திரை உடையவில்லை. முத்திரை எண் நாற்பத்தொன்று. விவசாயிகளை ஏமாற்றக் கிடங்கோடு சேர்ந்து இயந்திரத்தைத் திருகி வைத்ததாகச் சந்தேகம். பதினைந்து நாளில் விளக்கம் தராவிட்டால் முத்திரை உரிமை ரத்து, வழக்கு.

ஆய்வாளர் இயந்திரத்தைத் தன் வண்டியிலேயே ஏற்றிக் கீழே பட்டறைக்குக் கொண்டுவந்தார். எல்லார் முன்னாலும் இருபத்தைந்து கற்களையும் அதன்மேல் அடுக்கினார்கள். திரையில் ஐந்நூறு என்று வந்தது. ஒரு கிராம் முன்னே பின்னே இல்லை.

தராசக்காவுக்கு உயிர் வந்தது. "பாத்தீங்களா சார், சரியாத்தானே காட்டுது?"

"அதாம்மா எனக்குப் பயமா இருக்கு," என்றார் ஆய்வாளர். ஒல்லியான மனிதர்; பேசும்போது பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுவார். "மேல போனா குறையுது, கீழ வந்தா நல்ல பிள்ளையாயிடுது. உள்ள ஏதோ சுவிட்ச் வெச்சிருக்கீங்க."

மூடியைக் கழற்றினார்கள். சுவிட்ச் இல்லை.

"கண்டுபிடிக்க முடியாதபடி வெச்சிருக்கீங்க," என்று எழுதிக்கொண்டார்.

அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுடைய நாத்தனார் அங்கே தரையில் விடைத்தாள்களைப் பரப்பித் திருத்திக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அண்ணன் வீட்டின் மாடி அறையில் இருப்பவள். வீட்டிலும் அவளை டீச்சர் என்றே கூப்பிடுவார்கள். பாதி மரியாதை, பாதி கிண்டல்.

நடந்ததைக் கேட்டதும் டீச்சர் சிரித்துவிட்டாள்.

"என் பொழப்பு நாறிக் கெடக்கு, உனக்குச் சிரிப்பு வருதா?"

"கோவிச்சுக்காதீங்க அண்ணி. இயந்திரம் பொய் சொல்லல. மலை மேல பூமியோட இழுப்பே கம்மி. பூமி நடுவுலேருந்து தள்ளிப் போகப் போகக் குறையும். நீங்களே மேல போனா முப்பது கிராம் இளைச்சிருவீங்க."

"ஏறுற வேர்வையிலயே ரெண்டு கிலோ போயிடும். விளையாடாத."

"விளையாட்டு இல்ல அண்ணி. உங்க இயந்திரம் மூட்டையை அளக்கல, மூட்டையைப் பூமி எவ்வளவு இழுக்குதுன்னு அளக்குது. அந்தக் காலத்துத் தட்டுத் தராசா இருந்தா குறையே தெரியாது. மூட்டையையும் கல்லையும் ஒண்ணாத்தானே இழுக்கும்."

மறுநாள் தராசக்கா அதைப் போய் ஆய்வாளரிடம் சொன்னாள். அவர் பேனாவை மூடினார். "புத்தகத்துல ஆயிரம் இருக்கும்மா. இந்த மலையில அப்படி இருக்குன்னு காட்டுங்க. உங்க இயந்திரத்த வெச்சுக் காட்டாதீங்க, அதுதான் குற்றவாளி. வேற சாட்சி கொண்டாங்க."

வேறு சாட்சியை வீட்டிலேயே செய்ய வேண்டியதாயிற்று.

விழும் பொருளின் வேகம் நொடிக்கு நொடி எவ்வளவு கூடுகிறது என்பதுதான் இழுப்பின் அளவு என்றாள் டீச்சர். ஆனால் விழுகிற கல்லைப் பிடித்து அளக்கக் கண்ணும் கையும் போதாது. ஆடுகிற குண்டைத்தான் பிடிக்க முடியும். இழுப்பு குறைந்தால் ஊசல் சற்றே சோம்பி ஆடும். ஓர் ஆட்டத்தில் தெரியாத சோம்பல் ஆயிரம் ஆட்டத்தில் தெரிந்துவிடும்.

தராசக்காவின் புருஷன் கடைசல் பட்டறைக்காரர். நாளெல்லாம் இயந்திரச் சத்தத்தில் நிற்பதால் வீட்டில் பேசுவது குறைவு. தங்கை காகிதத்தில் போட்டுக் கொடுத்த படத்தை வாங்கி, தலைகீழாகத் திருப்பிப் பார்த்து, மறுபடி நேராக்கி, "பித்தளைல செய்யறேன்," என்றார். "கடையறதுக்குச் சொன்ன பேச்சு கேக்கும். துருவும் பிடிக்காது." ஒரு மீட்டருக்குச் சற்று மேல் நீளத்தில் பித்தளைக் கம்பி. அதன் அடியில் ஆறு கிலோவுக்கு இரண்டு பக்கமும் மெலிந்த வட்டக் குண்டு; காற்றைக் கிழித்துக்கொண்டு போகட்டும் என்று. மேலே தொங்கவிட ஒரு கத்திமுனை வேண்டியிருந்தது. அதைத் தராசக்கா தன் பட்டறைக் குப்பையிலிருந்து எடுத்து வந்தாள். எப்போதோ உடைத்துப் போட்ட தட்டுத் தராசின் நடுவில் இருந்த எஃகு முனை. விரலால் தடவிப் பார்த்தாள். இன்னும் கூர் மழுங்கவில்லை.

முதலில் மர முக்காலியின்மேல் தொங்கவிட்டார்கள். குண்டு ஆட, முக்காலியும் கூடச் சேர்ந்து தலையாட்டியது. "கூட்டத்துல ஆமாம் சாமி போடறவன் மாதிரி இருக்கு," என்றாள் டீச்சர். பிறகு கூடத்துச் சுவரைத் துளைத்து இரும்புச் சட்டத்தை முடுக்கி, அதன்மேல் எஃகுத் தகடு வைத்து, தகட்டில் கத்திமுனையை உட்கார வைத்தார்கள். குண்டை எப்போதும் ஒரே தூரத்துக்கு இழுத்து விடச் சுவரில் ஓர் ஆணி. பக்கத்தில் ஒரு வெப்பமானி. அது டீச்சரின் பிடிவாதம். நேரத்துக்குப் பள்ளி ஓட்டப்பந்தயக் கடிகாரம்.

பிறகு எண்ண வேண்டும். போய் வந்தால் ஒன்று, இரண்டு நொடி. ஆயிரத்துக்கு முப்பத்து மூன்றரை நிமிடம். நூறுக்கு ஒரு சட்டைப் பொத்தானைக் கிண்ணத்தில் போட வேண்டும். வேலை முடிந்து வந்த மாலைகளில் தராசக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். நாளெல்லாம் இரும்பு தூக்கிய தோள் கெஞ்சியது. முந்நூறைத் தாண்டினால் கண் சொக்கும். ஒருநாள் எண்ணூற்றுப் பன்னிரண்டில் பால்காரர் வந்து மணி அடித்துக் கெடுத்தார். ஒருநாள் புருஷன் உள்ளே வந்து, "சாப்பாடு..." என்று ஆரம்பித்து, முந்நூறில் இருப்பதாக மூன்று விரலை நீட்டிய அவள் கையைப் பார்த்துப் பின்வாங்கினார்.

"நம்ம வீட்ல இப்ப பேசறதுக்கு டோக்கன் வாங்கணும்," என்று அவர் தங்கையிடம் முணுமுணுத்தார். அந்த வாரத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

அப்படி எண்ணிக்கொண்டிருந்த ஒரு மாலையில்தான், அறுநூற்று நாற்பதாவது ஆட்டத்தில், அவளுக்கு அது உறைத்தது.

முத்திரை வைக்கும்போது ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடுவாள். அதில் அச்சிட்ட ஒரு வரி உண்டு: பயன்படும் இடத்திலேயே வைத்துச் சோதித்தேன். வண்டியில் போகும்போது அதிர்ந்து ஏதாவது கழன்றுவிடும் என்பதற்காக அந்த வரி என்று பத்தொன்பது வருடமாக நினைத்திருந்தாள். அரசு வண்டி இல்லாமல் அரை டன் கல்லை மலைக்கு ஏற்ற யாரால் முடியும்? பட்டறையில் எல்லாரும் கீழேயே சோதித்து, கீழேயே முத்திரை வைத்து, வைக்கோல் சுற்றிப் பத்திரமாக மேலே அனுப்பினார்கள். அவளும் அனுப்பினாள். இந்த ஊசல் ஆடி முடித்து என்ன சொல்லப்போகிறது? அவள் இயந்திரத்தைத் திருகவில்லை என்று சொல்லும். அதே மூச்சில், அவள் மலை ஏறவே இல்லை என்றும் சொல்லும். மேலே வைத்துச் சரிபார்த்திருந்தால் அந்தக் கால் கிலோ அன்றே தெரிந்திருக்குமே.

குண்டு போய் வந்துகொண்டிருந்தது. எண்ணிக்கை போய்விட்டது. கிண்ணத்தில் ஆறு பொத்தான் கிடந்தது.

"என்ன அண்ணி, நிறுத்திட்டீங்க?"

"ஒண்ணுமில்ல. மறுபடி மொதல்லேருந்து வரேன்."

ஐந்து முறை தவறாமல் எண்ணி முடித்ததும் டீச்சர் சராசரி எடுத்தாள். ஆயிரம் ஆட்டத்துக்கு இரண்டாயிரத்து நான்கு புள்ளி மூன்று நொடி. அறையில் முப்பத்திரண்டு டிகிரி. கம்பியின் நீளத்தையும் குண்டையும் கணக்கில் சேர்த்து, "ஒன்பது புள்ளி ஏழு எட்டு மூணு," என்று அடிக்கோடிட்டாள். "இது நம்ம கூடத்தோட இழுப்பு, அண்ணி. மேல போய் அரை நொடி கூடினா நீங்க ஜெயிச்சீங்க."

மலைக்குக் கிளம்பும் முன்தினம் முதலாளி அவளைத் தனியாகக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. இவளைப்போலவே கல் தூக்கி மேலே வந்தவர்.

"இந்த ஆட்டம் பாட்டமெல்லாம் எதுக்கும்மா? குளிர்ல ஒரு பாகம் பழுதாயிடுச்சுன்னு எழுதிக் கொடு. நான் புதுசு மாத்திக் கொடுத்துடறேன். யாருக்கும் சேதாரமில்ல."

"மேல நான் முத்திரை வெச்சது இன்னும் ஏழு இருக்கு சார்."

"அத யாரு கேட்டா?"

யாரும் கேட்கவில்லைதான்.

பேருந்தில் கம்பியை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டாள். நடத்துநர் எட்டிப் பார்த்தார். "என்னக்கா, சுவர்க் கடிகாரத்தோட எலும்ப உருவிட்டு வந்துட்டீங்களா?" புருஷன் பின் இருக்கையில் இரும்புச் சட்டத்தோடு உட்கார்ந்திருந்தார். நாற்பது வளைவு. ஒவ்வொரு வளைவிலும் ஆறு கிலோ குண்டு அவள் முழங்காலில் இடித்தது.

கிடங்கு அலுவலகம் கல் கட்டடம். புருஷன் சட்டத்தை முடுக்கிக் கொடுத்துவிட்டுக் கடைசிப் பேருந்தில் இறங்கிப் போனார். மறுநாள் பட்டறையில் அவருக்கு வேலை இருந்தது. ஆய்வாளர் கழுத்துவரை கம்பளி சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எட்டு டிகிரி. அவள் விரல்கள் விறைத்துப்போய்ப் பொத்தானைப் பிடிக்க மறுத்தன. இரண்டு முறை ஆயிரம் எண்ணினாள்.

இரண்டாயிரத்து நான்கு புள்ளி மூன்று. இரண்டாவது முறையும் அதேதான்.

கூடவில்லை. துளிக்கூடக் கூடவில்லை.

"கீழ எவ்வளவு வந்துதுன்னு சொன்னீங்க?" ஆய்வாளர் கேட்டார்.

"இதே."

பேனா திறந்தது, மூடியது. "காலையில இறங்கறேன். அதுக்குள்ள ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க."

அவர் போன பிறகு அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அழுகைகூட வரவில்லை; அழக் கொஞ்சமாவது தெம்பு வேண்டும். கைபேசியை எடுத்தாள்.

"டீச்சரம்மா, உன் பூமி என்னைக் கைவிட்டுடுச்சு."

எண்ணைக் கேட்டதும் மறுமுனையில் டீச்சர் கேட்டாள்: "அண்ணி, அங்க குளிருதா?"

"நான் என்ன சொல்றேன், நீ என்ன கேக்குற? பல்லு தந்தியடிக்குது."

"வெப்பமானியைப் பாத்துச் சொல்லுங்க."

"எட்டு."

"அய்யோ, அண்ணன் பித்தளைல செஞ்சிருக்கே! குளிர்ல பித்தளை சுருங்கும் அண்ணி. கம்பி குட்டையானா ஊசல் வேகமா ஆடும். இழுப்பு கம்மியாயிச் சோம்பினதையும் கம்பி சுருங்கி வேகமானதையும் கூட்டிக் கழிச்சா ஒண்ணுமில்லன்னு வந்திருக்கு. நான்தான் மடச்சி, படத்துல இரும்புன்னு எழுதாம விட்டுட்டேன்."

"இப்ப என்ன பண்றது?"

"அந்த ரூமை நம்ம வீடாக்குங்க. முப்பத்திரண்டு வரணும்."

கிடங்குக்காரர் பருத்த ஆள். சந்தேகம் தன் தலையிலும் விழுந்திருந்ததால் எதற்கும் தயாராக இருந்தார். விடிந்ததும் மூன்று மின்கணப்புகளைத் தேடிக் கொண்டுவந்தார். ஜன்னல் இடுக்கில் சாக்கை அடைத்தார்கள். பத்து மணிக்கு வெப்பமானி முப்பத்திரண்டில் நின்றது. கம்பியும் அந்தச் சூட்டுக்கு வரட்டும் என்று இன்னும் ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள்.

"அக்கா, வெளிய எல்லாரும் நடுங்கறாங்க, நாம இங்க வெந்துட்டிருக்கோம்," என்று கிடங்குக்காரர் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். "இன்னும் கொஞ்சம் விட்டா உருளைக்கிழங்கை இங்கயே அவிச்சிடலாம்."

ஊருக்கு இறங்கக் கிளம்பிய ஆய்வாளரை அவர்தான் கெஞ்சி அழைத்து வந்தார். உள்ளே வந்தவர் கம்பளியைக் கழற்றி, கோட்டைக் கழற்றி, கடைசியில் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் ஆயிரத்தைத் தராசக்கா எண்ணினாள். இரண்டாவதை, "குடுங்க, நானே எண்ணறேன்," என்று கடிகாரத்தை வாங்கிக்கொண்டார். நானூறில் விட்டார், அசடு வழிந்தார், மறுபடி தொடங்கினார். பொத்தான் விழும் சத்தமும் கணப்பின் முனகலும் தவிர அறையில் வேறு சத்தமில்லை.

சாயங்காலம் ஐந்து எண்கள் காகிதத்தில் இருந்தன. சராசரி இரண்டாயிரத்து நான்கு புள்ளி எட்டு.

அரை நொடி கூடியிருந்தது. டீச்சர் எழுதிக் கொடுத்திருந்த வழியில் ஆய்வாளரே கணக்குப் போட்டார். இரண்டாயிரம் நொடியில் அரை நொடி என்றால் நாலாயிரத்தில் ஒன்று. ஊசலின் கணக்கில் இழுப்பு அதைப்போல் இரண்டு மடங்கு குறையும். ஆக, இரண்டாயிரத்தில் ஒன்று. ஐந்நூறு கிலோவில் இரண்டாயிரத்தில் ஒன்று...

"கால் கிலோ," என்றார். திரும்ப ஒருமுறை போட்டுப் பார்த்தார். "கச்சிதமா கால் கிலோ!" ஏதோ அவரே கண்டுபிடித்ததுபோல முகம் விரிந்தது. "இயற்கையோட குறைம்மா இது. உங்க மேல தப்பில்லன்னு எழுதிடறேன். நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

கிடங்குக்காரர் கைதட்டினார். ஆய்வாளர் எழுதத் தொடங்கினார். படிவத்தில் இருந்த அந்த அச்சு வரி அவர் கண்ணில் படவில்லை. இனிமேலும் படப்போவதில்லை.

தராசக்கா குண்டைக் கையால் பிடித்து நிறுத்தினாள். சூடாக இருந்தது. வீட்டுக்குப் போகலாம், காலை நீட்டிப் படுக்கலாம். இந்த மலையில் ஏழு இயந்திரங்கள் நாற்பத்தொன்று என்ற எண்ணோடு இன்று மாலையும் மூட்டை நிறுத்துக்கொண்டிருக்கும், நாளைக்கும் நிறுக்கும். ஒவ்வொரு அரை டன்னிலும் கால் கிலோ. அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு அந்த நாற்பது வளைவில் இறங்க வேண்டும். துணிச்சல் என்று அதைச் சொல்ல முடியாது. இன்னொரு கல்லைத் தூக்க அவளிடம் பலம் இல்லை, அவ்வளவுதான்.

"எழுதாதீங்க சார்."

பேனா நின்றது.

"நான் இங்க வந்து சோதிக்கல. கீழயே சோதிச்சு, இங்க சோதிச்சதா கையெழுத்துப் போட்டேன். மேல இன்னும் ஏழு இயந்திரம் அப்படித்தான் இருக்கு. ஏழுலயும் கால் கிலோ குறையும்."

கிடங்குக்காரர் கணப்புகளை அணைத்தார். ஆய்வாளர் பேனாவை மூடினார்.

"ஏம்மா, தப்பிச்சிட்டீங்களேம்மா," என்றார், கிட்டத்தட்ட வருத்தமாக. "நான் கேக்கவே இல்லையே."

"யாருமே கேக்கல சார்."

அவர் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தார்.

திருட்டுச் சந்தேகம் நீங்கியது. பொய்க் கையெழுத்துக்கு ஒரு வருடம் முத்திரை உரிமை இல்லை. முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு லாரி ஏற்பாடு செய்தார்; எட்டு இயந்திரங்களையும் அந்தந்த இடத்திலேயே வைத்துச் சரிசெய்தாக வேண்டும். கற்களை ஏற்றி இறக்க அவள்தான் போனாள். முத்திரை வைக்க உடன் வந்தவரின் இடுக்கியில் எண் ஐம்பத்தாறு. அவளுடைய இடுக்கி அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடந்தது.

எட்டாவது, அந்த உருளைக்கிழங்குக் கிடங்கு. இருபத்தைந்து கல் ஏற்றி, திருகைத் திருப்பி, திரையில் ஐந்நூறு என்று வந்ததும் ஐம்பத்தாறு ஓர் அழுத்து அழுத்தியது. பிறகு இருபத்தைந்தையும் இறக்கினாள். கடைசிக் கல்லை வைத்ததும் முழங்கால் அதற்குமேல் கேட்கவில்லை. மேடையின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். பாதம் தரையில் படாதபடி காலை மடக்கிக்கொண்டாள்.

கிடங்குக்காரர் திரையை எட்டிப் பார்த்தார். "அறுபத்திரண்டு, அக்கா."

மேலேயே சரிசெய்த திரையில், கீழே பட்டறையில் காட்டும் அதே எண்.

"மேல வந்தா இளைச்சிடுவேன்னு வீட்ல ஒருத்தி சொன்னா," என்றாள் அவள்.

"எழுந்திரிங்கக்கா, மூட்டை வருது."

"வரட்டும்," என்று சொல்லிவிட்டு, மூட்டை வாசலுக்கு வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.